மயிலத்தில் ஏறுகிறவளுக்கு ஓர் இடம்

டென்மார்க்கில் நான் வேலைக்குப் போகும் ரயிலில் பேசக் கூடாத பெட்டி ஒன்று உண்டு. ஸ்டிலஸோன என்று பெயர். நான் குடியிருக்கும் நூபோர் என்ற சின்ன ஊரிலிருந்து வேலை பார்க்கும் ஓடென்ஸ வரை கால்மணி நேரப் பயணம்தான். அதற்குள் வாயை மூடிக்கொண்டிருக்கத் தனியாக ஒரு பெட்டி எதற்கு என்று வந்த புதிதில் யோசித்திருக்கிறேன். மற்றப் பெட்டிகளிலும் இங்கே யாரும் பேசிவிடுவதில்லை. போன மாதம் ஒருநாள் அவசரத்தில் அதில் ஏறிவிட்டேன். திண்டிவனத்தில் இருக்கும் அண்ணன் அழைத்தார். "சொல்லுண்ணா" என்று தொடங்கியதும் எதிரில் இருந்த பெரியவர் என் தலைக்கு மேலே கையைக் காட்டினார். மேலே வைத்த பை விழப்போகிறது என்கிறார் போல என்று எழுந்து, பையை உள்ளே தள்ளி, அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் மறுபடியும் கையைக் காட்டினார். அப்போதுதான் பைக்குப் பக்கத்தில், உதட்டின்மேல் விரல் வைத்த படம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். போனை வைத்துவிட்டேன். எரிச்சலாக இருந்தது. பெரியவர்மேல் இல்லை. அண்ணனின் குரலுக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்களே, அவர்கள்மேல். அண்ணனும் அப்போது ரயிலில்தான் இருந்தார். நாற்பத்தொன்பது வயதில் ஒரு ரயில் பெட்டியைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். அது எப்படி என்றுதான் சொல்லப்போகிறேன்.

அண்ணன் பெயர் சூசை. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னைப் படிக்க வைத்ததும், திண்டிவனம் மாதா கோயிலில் என் கையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அண்ணி இறந்து ஏழு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. காற்றாலைக்கு இறக்கை செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து என் கணவர் டென்மார்க் வந்தபோது நானும் கூட வந்துவிட்டேன். வாரம் இரண்டு முறை போன் பேசுவோம். போன வருடம் ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "பாப்பா, இட்லி நெஞ்சுல நிக்கிது" என்றார். தண்ணீர் குடி என்றேன். ஒரு மாதம் கழித்துச் சோறு நின்றது. பிறகு தண்ணீரே சில நேரம் நின்றது. குழாய் விட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயில் கட்டி, முற்றிய நிலை, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் போயிருந்தது. அறுத்து எடுக்க வழியில்லை என்றார்கள். விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு, மொத்தம் இருபத்தைந்து தடவை, வாரம் ஒரு ஊசி. கட்டி சுருங்கினால் விழுங்க வழி பிறக்கும், காலமும் கொஞ்சம் கிடைக்கும். நடுவில் நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் டாக்டர் இரண்டு முறை சொன்னாராம். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை. கரண்ட் வைக்கிறார்கள் என்பார்கள். "இன்னிக்கி ரெண்டாவது கரண்ட் வச்சாங்க பாப்பா" என்று அண்ணன் சொன்ன அன்று நான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

என் வேலை என்னவென்று இங்கே சொல்லியாக வேண்டும். நான் ஒரு பிளாயெயெமில், அதாவது முதியோர் இல்லத்தில், பதினான்கு வருடமாகப் பராமரிப்பாளராக இருக்கிறேன். விழுங்கத் தெரியாமல் போன கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் ஊட்டி விடுவதுதான் என் நாளில் பாதி. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும். அதற்காக ஒரு மாவு இருக்கிறது. தண்ணீரில், காப்பியில், சூப்பில் எதில் கலந்தாலும் கூழாக்கிவிடும். எதற்கு எத்தனை கரண்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கிர்ஸ்டன் என்ற எண்பத்தெட்டு வயதுக்காரி வேறு யார் கரண்டியை நீட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வாள், நான் நீட்டினால் திறப்பாள். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதனால் விமானம் ஏறும்போது என் பெட்டியில் துணியைவிட மாவு டப்பாக்கள்தான் அதிகம். என் அண்ணனுக்கு இனிமேல் நான் இருக்கிறேன், நான் போய் உட்கார்ந்து ஊட்டினால் இறங்காதது எது என்று நினைத்துக்கொண்டே போய் இறங்கினேன்.

அதற்குள் ஆறு கரண்ட் முடிந்திருந்தது. அண்ணன் பாதியாக இருந்தார். சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் ஊதா மையில் கோடு கிழித்துக் குறி போட்டிருந்தார்கள். சோப்புப் போட்டு அழித்துவிடக் கூடாதாம். நான் அழுதேன். அவர், "அழுவறதுக்கு அங்கேர்ந்து டிக்கெட்டு வாங்கினு வந்தியா" என்றார். மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து குளித்து, தலை சீவி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "ஜல்தி கெளம்பு பாப்பா, பாசஞ்சர் போய்டும்" என்றார். கரண்ட் வைத்துக்கொள்ளப் போகிறவர் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் கிளம்பியது எனக்கு விளங்கவில்லை. ரயில் வந்ததும் முண்டியடித்து ஏறி, ஓர் இருக்கையில் தான் உட்கார்ந்து, எதிர் இருக்கையில் துண்டை விரித்து இடம் போட்டார். எனக்குத்தான் என்று நினைத்து உட்காரப் போனேன். "நீ இந்தாண்ட உக்காரு. அது மயிலத்துல ஏர்றவங்களுக்கு" என்றார்.

அடுத்த ஸ்டேஷனான மயிலத்தில் ஏறியவள் பெயர் பவுனம்மா. அண்ணன் வயதுதான் இருக்கும், அறுபதைத் தாண்டியவள். ஒல்லி. ஊதா மைக்கோடு ரவிக்கைக்கு மேலே கழுத்தடியில் எட்டிப் பார்த்தது. அதே நோய், அதே இடம், அதே மருத்துவமனை. அண்ணனைவிட மூன்று கரண்ட் கூட. வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் காட்டில் கூலி வேலை செய்தவள், கணவன் இல்லை. ஏறியதும் துண்டை எடுத்து உதறி, மடித்து அண்ணன் தோளில் போட்டாள். என் அண்ணன் தோளில். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்கும் இரண்டு எவர்சில்வர் டம்ளரும் எடுத்தாள். கேப்பையை ஊற வைத்து, அரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டிக் காய்ச்சிய கஞ்சி. தண்ணீர் மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர். "ரெடியா கண்டக்டரே" என்றாள். அவள் ஒரு வாய் வைத்தாள். அண்ணன் ஒரு வாய் வைத்தார். இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். அண்ணன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, பேருந்தில் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் அதே குரலில், "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் கீது" என்றார். கஞ்சியிடம் சொன்னார். இறங்கிவிட்டது. பவுனம்மா சிரித்தாள். அவளுக்கு நின்றபோது அவளுக்கும் அண்ணனே கூவினார். பக்கத்தில் சாதிக் பாய் என்றொருவர் இருந்தார். துபாயில் இருந்துவிட்டு வந்தவர், தொண்டையில் கட்டி, பேச முடியாது. அவர் சீட்டைத் தட்டித் தாளம் போட்டார். பேரணி ஸ்டேஷனுக்குள் கால் டம்ளர், விக்கிரவாண்டிக்குள் அரை டம்ளர், விழுப்புரம் வருவதற்குள் டம்ளரைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த சட்டம். மூன்று மாதமாக என் அண்ணன் சிரித்து நான் கேட்கவில்லை. போனில் என்னிடம் வலியைத்தான் சொன்னார். சிரிப்பை இங்கே வைத்திருந்தார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வயிற்றுக்குள் சட்டென்று ஒரு கங்கு விழுந்தது. நான் பதினான்கு வருடம் கற்ற வேலையைப் படிக்காத ஒருத்தி ரயிலில் செய்துகொண்டிருந்தாள் என்பதுகூட இல்லை. அவள் விழுங்குவதைப் பார்த்து அவர் விழுங்கினார். அவளுக்கு நிற்கிறது, அவருக்கும் நிற்கிறது. அந்த இடத்தில் நான் போய் உட்காரவே முடியாது. என் தொண்டையில் எதுவும் நிற்பதில்லை. ஒரு நோயாளியின் நோயைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு நான் கீழே போய்விட்டேன் என்பது அப்போது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் விடவில்லை.

அன்று மதியம் வீட்டில் என் மாவை எடுத்தேன். பழச்சாற்றில் மூன்று கரண்டி போட்டுக் கலக்கி, சீராகக் கெட்டியானதும் அண்ணனை நிமிர்த்தி உட்கார வைத்து, கிர்ஸ்டனுக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினேன். "கோந்து மாதிரி கீதே பாப்பா" என்றார். "நான் என்ன தெரியாமலா குடுப்பேன்" என்றேன். மூன்றாவது வாய் நின்றது. நின்றது நின்றதுதான். அவருக்குக் கண் பிதுங்கி, எச்சில் வழிந்து, பாத்திரத்தில் குனிந்தபடி அரைமணி நேரம் துடித்தார். கடைசியில் எல்லாம் வெளியே வந்தது. மறுநாள் மருத்துவமனையில் நர்ஸிடம் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "ஐயோ, கெட்டியா குடுக்கக் கூடாதும்மா. இவருக்கு வழியே அடைச்சிக்கினு கீது. தண்ணியாதான் போவும். அந்தம்மா குடுக்கறாங்களே, அது மாதிரி குடுங்க" என்றாள். விழுங்கத் தெரியாதவர்களுக்குக் கெட்டி, வழி இல்லாதவர்களுக்குத் தண்ணீர். பாடத்தில் நானும் படித்ததுதான். என் கை பழகியது ஒன்று என்பதால் மூளை அதையே செய்தது. என் வேலையில் எனக்கிருந்த கர்வம் அந்த நர்ஸ் முன்னால் கழன்று விழுந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். "அந்தம்மா மாதிரி" என்றாளே, அதைப் பொறுக்க முடியவில்லை.

இதையெல்லாம் டென்மார்க் திரும்பி வந்தபின் உடன் வேலை செய்யும் மெட்டவிடம் சொன்னேன். இடைவேளையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த டேனிஷில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஊராக இருந்தால் யாராவது ஒருத்தி, "உனக்கு அறிவு கீதாடி" என்று கேட்டு, அதோடு என் பாரத்தில் பாதியைக் குறைத்திருப்பாள். மெட்ட என் கையைத் தொட்டு, "அப்படி உணர உனக்கு உரிமை உண்டு" என்றாள். இல்லத்தின் செலவில் மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கித் தரவா என்றும் கேட்டாள். நல்ல பெண். பொறாமை இங்கே ஓர் உரிமை. அங்கே அது ஒரு குற்றம். எனக்கு அன்று தேவைப்பட்டது குற்றம்தான், அதை அவள் தரவில்லை.

நான் வந்த இரண்டாவது வாரம் அண்ணனுக்கு உள்ளே வெந்து போயிற்று. கரண்ட் வைத்தால் பாதி வழியில் அப்படித்தான் ஆகும், எச்சில் விழுங்கினாலே எரியும், பிறகுதான் தேறும் என்றார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இந்த வெயிலில், இந்தக் கூட்டத்தில், வெந்த தொண்டையோடு ரயில் எதற்கு என்று சொல்லி ஏசி கார் ஏற்பாடு செய்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. அண்ணன், "எதுக்கு பாப்பா" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு கடல் தாண்டி வந்தவள் மனம் நோகக் கூடாது என்று பேசாமல் ஏறிக்கொண்டார். வண்டிக்குள் சத்தமே இல்லை. இப்போது நினைத்தால் அதுவும் ஒரு ஸ்டிலஸோனதான். கேப்பையை நானும் இரண்டு முறை வடிகட்டியிருந்தேன், அதே பதம், அதே சூடு. இரண்டு வாய் குடித்துவிட்டு மூடி வைத்தார். "படியில நிக்காதன்னு சொல்லுண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருத்துவமனை பெஞ்சில் பவுனம்மா காத்திருந்தாள். அண்ணன் உள்ளே போனதும் என்னிடம் வந்தாள். கையில் பிளாஸ்க் இருந்தது. "இன்னாம்மா, கண்டக்டரு வண்டிய மாத்திட்டாரா? மயிலத்துல ஏறிப் பாத்தா சீட்டுல யாரோ குந்திக்கினு கீறாங்க" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. பொய் தானாக வந்தது. "டாக்டரு கூட்டத்துல போவக் கூடாதுன்னு சொல்லிட்டாருங்க. ஒடம்புல எதிர்ப்பு சக்தி இல்லியாம். யார் பக்கத்துலயும் உக்காரக் கூடாதாம்" என்றேன். அவள் உடனே இரண்டு எட்டுப் பின்னால் போனாள். "அய்யோ, எனக்கு வேற ரெண்டு நாளா இருமலும்மா" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து பெஞ்சின் கடைசிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் வெளியே வந்து கையைத் தூக்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு ஒட்டிவிடக் கூடாது என்ற பயம். அண்ணனுக்கு அது தெரியாது. மூன்றாவது நாளும் அவள் அப்படியே செய்தபோது அவர் தூக்கிய கையை இறக்கிச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. கார் வாசலில் நின்றது. அண்ணன் கட்டிலைவிட்டு எழவில்லை. "போதும் பாப்பா. உட்டுரு" என்றார். "பதினாலு கரண்ட் வச்சாச்சி, பாதிக்கு மேல வந்தாச்சிண்ணா" என்றேன். "முப்பது வருசம் விசில் ஊதி வண்டிய நிறுத்தினவன் நான். எங்க எறங்கணும்னு எனக்குத் தெரியாதா" என்றார். கெஞ்சினேன். கத்தினேன். ஜெபமாலையை எடுத்துக் கையில் வைத்தேன். அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. அன்று கஞ்சியும் இல்லை, தண்ணீர்தான், அதுவும் கரண்டியில். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இரண்டு நாள் விட்டது போதும், திங்கட்கிழமையும் வரவில்லை என்றால் இதுவரை வைத்ததுக்குப் பலன் குறைந்துவிடும் என்றார்கள். என் அண்ணனைச் சாகக் கொடுக்கப் போகிறேன். நோய்க்கு இல்லை, என் புகைச்சலுக்கு. அது சமையலறையில், வேட்டித் துணியைப் பிழிந்துகொண்டு நின்றபோது எனக்குப் புரிந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு மறுநாள் காலை மயிலத்துக்குப் பஸ் ஏறினேன்.

பவுனம்மா வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, கரண்ட் வைக்கிறவங்க வீடு என்று கேட்டாலே காட்டினார்கள். ஒற்றை அறை. பாயில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து, "ஏம்மா இங்க வந்த? கண்டக்டருக்கு இன்னா ஆச்சி" என்றாள். வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். "அப்பிடி டாக்டரு சொல்லலீங்க. நான்தான் சொன்னேன். பொய்யி. அவர் உங்ககூட சிரிச்சிக்கினு குடிக்கறது எனக்குப் பொறுக்கல." அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அப்போதுதான் உதடுகள் வெடித்துக் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் டம்ளரில் கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது. "புதங்கெழமலேர்ந்து எனக்கும் எறங்கல தங்கச்சி. அந்த ஆளு கூவுனாதான் எறங்குது. எனக்கு மட்டும் வேற வழியா கீது" என்றாள். அவளும் ஒரு நோயாளி என்பதை மறந்தே போயிருந்தேன். என் இடத்தைப் பிடித்துக்கொண்டவள் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு பேரின் கஞ்சியைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டினாள், நன்றாகவே திட்டினாள், குரல் வராமல் கிசுகிசுப்பாகத் திட்டினாள். எனக்கு நன்றாக இருந்தது. பிறகு உட்காரச் சொன்னாள். "நீ வர்றன்னு கண்டக்டரு சொன்னப்ப எனக்கும் வயிறு எரிஞ்சிதும்மா. என் தங்கச்சி பிளேன்ல வருது, பிளேன்ல வருதுன்னு ஒரு வாரமா அதே பேச்சி. என் தம்பி அடுத்த தெருவுல கீறான். இதுவரைக்கும் எட்டிப் பாக்கல. ஒட்டிக்கும்னு பயப்படறான்" என்றாள். சுவரில் மாட்டியிருந்த படத்தின் கீழிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். திருவக்கரை அம்மன் குங்குமம், பௌர்ணமிக்குப் போன யாரோ கொடுத்ததாம். "கண்டக்டருக்கு வச்சிருந்தேன். உங்க சாமி கோச்சிக்குமா" என்றாள். கோபித்துக்கொள்ளாது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். "திங்கக்கெழம வரச் சொல்லு. வரலன்னா நான் திண்டிவனத்துக்கே வந்து இழுத்துக்கினு போவேன்னு சொல்லு" என்றாள். எழுந்து நிற்கவே அவளால் முடியவில்லை.

அண்ணனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பவுனம்மாவிடம் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. "சின்னப்புள்ளயில நான் யாரயாவது சைக்கிள்ல உக்கார வச்சா காத்தப் புடுங்கி உட்டுருவ. இன்னும் நீ மாறல" என்றார். கோபமா, சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. "பவுனு குடிக்கலியா" என்று மட்டும் பிறகு கேட்டார். திங்கட்கிழமை நான் எழுந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார், நெஞ்சில் மை அழியாமல், கழுத்துக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு.

ரயிலில் துண்டை நான் விரித்தேன். மயிலத்தில் சாதிக் பாய் கைகொடுத்து அவளை ஏற்றினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பவுனம்மா, எனக்கு அன்றிலிருந்து பவுனக்கா, டம்ளர்களை எடுத்தாள். அன்று மூன்று டம்ளர் இருந்தது. மூன்றாவதில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். டம்ளரை இறக்கியபோது அவர்கள் இரண்டு பேரும் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி இறங்கிய இடத்தை. சாதிக் பாயும் பார்த்தார். என் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வகுப்பில் புதுச் சட்டை போட்டு வந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "குடுத்து வச்ச தொண்ட" என்றாள் பவுனக்கா. இத்தனை நாளாக நான் அவர்களைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பார்த்து என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு அண்ணன் டம்ளரை எடுத்தார். முதல் வாய்க்கு அழுதார். இரண்டாவது வாய்க்குக் கூவினார். அன்று விழுப்புரம் வரும்வரைக்கும் பாதி டம்ளர்தான் இறங்கியது, இரண்டு பேருக்கும். யாரும் சட்டம் பேசவில்லை.

எனக்கு விடுப்பு முடிந்தபோது அண்ணனுக்கு இன்னும் ஐந்து கரண்ட் பாக்கி இருந்தது. என் டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியவில்லை, இங்கே வேலையில் விடுப்பை நீட்டிக்க முடியாது என்றார்கள். ஐந்தையும் அவர் எப்படி முடித்தார் என்பதைப் போனில்தான் கேட்டேன். பிறகு எடுத்த ஸ்கேனில் அவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. போகவில்லை, இனிப் போகாது. ஆனால் ரசத்தில் ஊறிய இட்லி இறங்குகிறது. பவுனக்காவுக்கு அவ்வளவாகச் சுருங்கவில்லை. வேறு ஊசி தொடங்கியிருக்கிறார்கள். அண்ணனுக்கு இப்போது மாதம் ஒரு முறை போய்க் காட்டினால் போதும். அவரோ வாரா வாரம் பாசஞ்சரில் போகிறார். அவளுக்கு இடம் போட வேண்டுமாம். புதிதாகக் கரண்டுக்கு வருகிறவர்களுக்கும் இடம் போடுகிறாராம். நான் அழைத்தால், "பாப்பா, ஸ்டேஷன் வந்திடிச்சி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். எனக்கு இன்னும் புகைகிறது, இல்லை என்றால் பொய். ஆனால் அவர் வைத்தபின் நான் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதை என் கணவர் இரண்டு முறை பார்த்துவிட்டார்.

போன வாரம் காலை ஒன்பது மணி. கிர்ஸ்டனுக்குக் காலை உணவு கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் நாங்கள் போன் எடுக்கக் கூடாது. சட்டைப் பையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது, நின்றது, மறுபடியும் அதிர்ந்தது. எடுத்தேன். ரயில் சத்தம். "பாப்பா, திரும்பி வந்துக்கினு கீறோம். பவுனு காலேலேர்ந்து ஒரு வாயும் எறக்கல. நான் கூவிப் பாத்துட்டேன். ஒண்ணும் நடக்கல. பயந்துக்கினு கீது. உன்னக் கேக்குது" என்றார் அண்ணன். என்னையா என்று கேட்டேன். "உன்னத்தான். நீ சொன்னா கேக்கறேங்குது" என்றார். போன் கை மாறியது. பவுனக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. டம்ளரை அவள் வாயருகே அண்ணன்தானே பிடித்துக்கொண்டிருப்பார் என்று ஒரு நொடி ஓடியது, என் புத்தி அப்படி. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். ஒரு கையில் கரண்டி, மறு கையில் கிண்ணம். "அக்கா, நேரா நிமிந்து உக்காரு" என்றேன். "அவசரமே இல்ல. மூச்ச உட்டுக்கோ. ஒரே ஒரு வாய்தான், சின்னதா. நான் இங்கதான் கீறேன், எங்கயும் போவல." தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத கிர்ஸ்டன், என் எதிரில், நாற்காலியில் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சை விட்டாள். என்னைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். கரண்டியை வைத்தேன். காதுக்குள் டம்ளர் பல்லில் பட்ட சத்தம் கேட்டது. ஒருத்தி கண்ணுக்கு முன்னால், ஒருத்தி காதுக்குள். இரண்டு பேரும் விழுங்கட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.